உணவு நிறுவனங்களிடம் சத்து விவரம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். தட்டில் எத்தனை கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எத்தனை யூனிட் இன்சுலின் என்று முடிவு செய்ய முடியும். அதனால் பிஸ்கட் கம்பெனி, மாவு கம்பெனி, ஐஸ்கிரீம் கம்பெனி என்று எழுதிக் கேட்பது எங்கள் வீட்டில் பல வருடப் பழக்கம். மருத்துவமனையில் சர்க்கரை உள்ளவர்களும் குடும்பத்தாரும் கூடும் நாட்களில், புதிதாக வந்தவர்கள் தங்களுக்கு வந்த பதில்களைக் கைபேசியில் காட்டுவார்கள். ஆரம்பத்தில் நாங்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தோமோ, அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காலாவதித் தேதியைப் பாருங்கள், முன்பக்க விளம்பரத்தை நம்பாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாக்கெட்டில் இருப்பதையே கேட்பது

2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளின்படி, பாக்கெட்டில் அடைத்த பெரும்பாலான உணவுகளில் 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு எவ்வளவு ஆற்றல், புரதம், கார்போஹைட்ரேட், மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, கொழுப்பு, சோடியம் என்று அச்சிட வேண்டும். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். கேழ்வரகுப் படத்தைப் பெரிதாகப் போட்டு விற்றால், கேழ்வரகு எத்தனை சதவீதம் என்றும் சொல்லியாக வேண்டும்.

சின்ன சாஷேக்களுக்கு விலக்கு உண்டு. அவற்றை அடைத்து வரும் பெரிய பெட்டியில் விவரம் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டால் காட்டுவார்.

இதெல்லாம் கையிலேயே இருக்கும்போது, அதையே மெயிலில் கேட்டால் லேபிளைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு அத்தோடு முடித்துக்கொள்வார்கள். லேபிளில் பெரும்பாலும் இல்லாததைக் கேளுங்கள்: நார்ச்சத்து, இனிப்புக்காகச் சேர்த்த பாலியால்கள் (சர்க்கரை ஆல்கஹால்கள்), மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி) அளவு.

"சுகர் உள்ளவங்க சாப்பிடலாமா?"

இத்தனை வருடத்திற்குப் பிறகும் என்னைக் கோபப்படுத்துவது இந்த ஒரு கேள்விதான். கேட்பவர் மேல் கோபம் இல்லை. பயத்தில் இருப்பவர் அப்படித்தான் கேட்பார். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் 'ஆம்' என்று எழுதி அனுப்புகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

எங்கள் கூட்டத்துக்கு வரும் பெரியவர் ஒருவருக்கு டைப் 2. மாத்திரை, நடை, அளவான சாப்பாடு என்று ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை (HbA1c) 7 சதவீதத்துக்குப் பக்கத்தில் பல காலம் வைத்திருந்தவர். அவருடைய மருமகள் அக்கறையோடு ஒரு சத்துமாவு வாங்கிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் கம்பெனிக்கு மெயில் அனுப்பி, சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறார். மறுநாளே பதில்: "ஆம், எங்கள் தயாரிப்பில் சர்க்கரை சேர்க்கப்படவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்றது."

பெரியவர் அதை மருந்து மாதிரி எடுத்துக்கொண்டார். காலையில் ஒரு தம்ளர், மாலையில் ஒரு தம்ளர், பாலில் கரைத்து. வழக்கமான டிபனைக் குறைக்கவில்லை. ஏற்றது என்று கம்பெனியே எழுதித் தந்த பிறகு எதற்குக் குறைப்பார்? அடுத்த பரிசோதனையில் சராசரி 8-ஐத் தாண்டிவிட்டது. டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டினார். சாப்பாட்டில் ஏதாவது மாற்றமா என்று கேட்டதற்கு அவர், "ஒண்ணும் மாத்தலைங்க" என்றாராம். அவர் மனதில் அந்த மாவு சாப்பாட்டுக் கணக்கிலேயே இல்லை.

அந்த டப்பாவின் பின்பக்கத்தில் 100 கிராமுக்கு கார்போஹைட்ரேட் 74 கிராம், நார்ச்சத்து 10 கிராம் என்று இருந்தது. அவர் ஒரு தம்ளருக்குப் போட்டது சுமார் 60 கிராம் மாவு. நார்ச்சத்து ரத்தச் சர்க்கரையைப் பெரிதாக ஏற்றாது என்பதால் அதைக் கழித்தால், மாவிலிருந்து 38 கிராம் கார்போஹைட்ரேட், 200 மில்லி பாலிலிருந்து இன்னொரு 10 கிராம். ஆக, தம்ளருக்கு 48 கிராம். ஏறக்குறைய நான்கு இட்லி. அதை டிபனுக்கு மேல், தினம் இரண்டு வேளை குடித்திருக்கிறார்.

"கம்பெனியே எழுதிக் குடுத்துட்டாங்கம்மா" என்று அவர் அந்த மெயிலை என்னிடம் காட்டினார். அதில் சர்க்கரை சேர்க்கவில்லை என்ற வரி உண்மைதான். ஆனால் லேபிளில் 'சர்க்கரை' என்று வருவது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், லாக்டோஸ் போன்ற சிறு மூலக்கூறுகள் மட்டுமே. மாவுச்சத்து அந்தக் கணக்கில் வராது. பச்சரிசி மாவில் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு சுமார் 78 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரினும் பெரும்பகுதி 'சர்க்கரை' வரிக்குள் வராமல் தப்பிவிடும். ஆனால் ரத்தத்தில் அது குளுக்கோஸுக்குச் சமமான வேகத்தில் ஏறக்கூடியது.

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு எந்தக் கம்பெனியாலும் சரியான பதில் தர முடியாது. உங்கள் மாத்திரை என்ன, இன்சுலின் உண்டா, சிறுநீரகம் எப்படி, கூட என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. பதில் எழுதுபவர் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர். அவர் முன்னால் இருப்பது தயார் செய்து வைத்த வாசகம். என் மகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. எண் தெரிந்தால் ஜிலேபியும் சாப்பிடலாம், எண் தெரியாவிட்டால் கஞ்சிகூட ஆபத்து. கூட எண்ணி ஊசி போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம். குறைத்து எண்ணினால் ஏறிவிடும்.

இன்னொன்று. அந்த 'ஆம்' ஒரு வீட்டோடு நிற்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் போகும், அங்கிருந்து சம்பந்தி வீட்டுக்குப் போகும். டப்பாவைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அத்தோடு நின்றுபோகும்.

எண்ணைக் கேளுங்கள். நான் அனுப்புவது இவ்வளவுதான்:

"உங்கள் ______ தயாரிப்பு, பேட்ச் எண் ______. விற்கப்படும் நிலையில் 100 கிராமுக்குக் கீழ்க்கண்டவற்றை கிராமில் தெரிவிக்கவும். மொத்த கார்போஹைட்ரேட், அதில் நார்ச்சத்து அடங்குமா, தனியா, நார்ச்சத்து அளவு, பாலியால்கள் இருந்தால் பெயரும் அளவும், மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால் அளவு. இந்த எண்கள் ஆய்வகச் சோதனையில் வந்தவையா, சேர்மானங்களிலிருந்து கணக்கிட்டவையா?"

நோயின் பெயரைக்கூட எழுத மாட்டேன். எழுதினால் மருத்துவரை அணுகவும் என்ற வாசகம்தான் திரும்பி வரும். எழுதாமல் கேட்டால் கடிதம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போக வாய்ப்பு அதிகம்.

நார்ச்சத்து உள்ளேயா வெளியேயா என்று பார்க்காமல் கழிப்பது

ஐரோப்பாவில் லேபிளின் கார்போஹைட்ரேட் வரியில் நார்ச்சத்து சேராது. அமெரிக்காவில் சேரும். நம் கடைகளில் இரண்டு வகை லேபிள்களும் கிடைக்கின்றன. ஏற்கெனவே கழித்த எண்ணில் மறுபடி கழித்தால், இன்சுலின் குறைந்துபோகும்.

பதில் வருவதற்குள் நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பெரியவரின் டப்பாவையே எடுத்துக்கொள்வோம்: கார்போஹைட்ரேட் 74, நார்ச்சத்து 10, புரதம் 12, கொழுப்பு 4. கூட்டினால் சரியாக 100. மாவு என்றால் அதில் ஈரம் இருந்தே தீரும், கொஞ்சம் தாது உப்பும் இருக்கும். அவற்றுக்கு இடமே இல்லை. ஆக, அந்த 10 கிராம் நார்ச்சத்து 74-க்குள்தான் இருக்கிறது. கூட்டல் 90-ஐ ஒட்டி வந்திருந்தால் இப்படி முடிவுக்கு வர முடியாது. கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

சமைத்ததா சமைக்காததா என்று சொல்லாமல் கேட்பது

உலர்ந்த சேமியா 100 கிராமில் 75 கிராம் கார்போஹைட்ரேட் என்று வைத்துக்கொள்வோம். வெந்து 250 கிராம் ஆனால், தட்டில் இருக்கும் 100 கிராமுக்கு 30 கிராம்தான். புதிதாக வந்த ஒரு அம்மா, தட்டில் இருந்த எடைக்கு பாக்கெட் எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டார். நல்லவேளை, ஊசி போடுவதற்கு முன் அவருடைய அம்மா, "இவ்வளவு யூனிட் என்னைக்குடி போட்டிருக்கோம்?" என்று தடுத்துவிட்டார். சமைப்பதற்கு முன் ஒரு எடை, சமைத்தபின் பாத்திரத்தைக் கழித்து ஒரு எடை. சமையலறைத் தராசு இல்லாமல் எந்த கம்பெனி எண்ணாலும் பயன் இல்லை.

ஒரு பரிமாறல் கணக்கை எடுத்துக்கொள்வது

100 கிராம் கணக்கையே எடுங்கள். லேபிளில் 'சர்விங்' என்று கம்பெனி போடும் பரிமாறல் அளவு உங்கள் கை அளவு அல்ல.

பாலியால்களை ஒன்றாகப் பார்ப்பது

'சுகர் ஃப்ரீ' என்று போட, 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. எரித்ரிட்டால் ரத்தச் சர்க்கரையை ஏறக்குறைய ஏற்றுவதே இல்லை. மால்டிட்டால் ஏற்றும், சர்க்கரையைவிடக் குறைவு, அவ்வளவுதான். 'பாலியால் 30 கிராம்' என்று மட்டும் பதில் வந்தால், எந்தப் பாலியால் என்று கேட்டு மறுபடி எழுதுங்கள். அளவு மிஞ்சினால் வயிற்றுப்போக்கும் வரும்; குழந்தைகளுக்குச் சீக்கிரமே.

சிறுதானியம் என்றதும் கேட்காமல் விடுவது

மேலே சொன்ன அதே அட்டவணையில் 100 கிராமுக்கு கார்போஹைட்ரேட் கேழ்வரகுக்கு சுமார் 67 கிராம், கோதுமை மாவுக்கு சுமார் 64. நார்ச்சத்தும் கால்சியமும் கேழ்வரகில் நன்றாகவே இருக்கின்றன, அதற்காகச் சாப்பிடலாம். கார்போஹைட்ரேட் குறைவு என்று நினைத்துச் சாப்பிடாதீர்கள்.

'லோ ஜிஐ' என்றால் அப்படியே ஒப்புக்கொள்வது

கிளைசெமிக் இன்டெக்ஸ் (ஜிஐ) என்பது ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைக் காட்டும் எண். அது 55 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 'குறைவு'. அதை மனிதர்களுக்குச் சாப்பிடக் கொடுத்து, ரத்தம் எடுத்துத்தான் அளக்க முடியும். சர்வதேசத் தர முறைப்படி குறைந்தது பத்துப் பேர் வேண்டும். ஆகவே எந்த ஆய்வகம், எத்தனை பேர், எப்படிச் சமைத்துக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். நிஜமாகச் சோதித்த கம்பெனி அறிக்கையின் சுருக்கத்தையாவது தரும். அரிசி என்றால் சமைத்த விதம் ரொம்ப முக்கியம். குழைய வேகவைத்தால் அந்த எண் மாறிவிடும்.

போனில் கேட்டு விடுவது

எழுத்தில் வாங்குங்கள்.

உணவகச் சங்கிலிகளிடம் கலோரியோடு நிறுத்திக்கொள்வது

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. கலோரியை வைத்து இன்சுலின் போட முடியாது. 400 கலோரி தந்தூரி கோழியும் 400 கலோரி மில்க் ஷேக்கும் ஒன்றல்ல. பெரிய சங்கிலிகள் பலவற்றின் இணையதளத்தில் கார்போஹைட்ரேட் அட்டவணை இருக்கும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். கவுண்டரில் நிற்கும் பையனிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தி ஒன்றும் வராது.

பழைய பதிலையே வைத்திருப்பது

பாக்கெட் அட்டை மாறியிருந்தால் செய்முறையும் மாறியிருக்கலாம். 'புதிய சுவை' என்று பார்த்தால் லேபிளைப் பழையதோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் மறுபடி எழுதுங்கள். பதிலோடு பேட்ச் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

பதில் வராததும் விட்டுவிடுவது

முதலில் யாருக்கு அனுப்பினீர்கள் என்று பாருங்கள். பல பொருட்களில் விற்பனை செய்யும் நிறுவனம் ஒன்று, தயாரிக்கும் நிறுவனம் வேறு. புகாருக்கான தொலைபேசி எண்ணும் மெயில் முகவரியும் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது பெரும்பாலும் விற்பவருடையது. தயாரிப்பாளரின் முகவரியும் அதே பாக்கெட்டில் இருந்தால், அங்கேயும் ஒரு பிரதி அனுப்புங்கள். பதினான்கு இலக்க உரிம எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டால் கொஞ்சம் கவனமாகப் படிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

கட்டாயமாக இருக்க வேண்டிய விவரமே லேபிளில் இல்லை என்றால் அது புகாருக்குரிய விஷயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இல்லையென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலி. பாக்கெட்டின் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

அதுவரை அந்தப் பொருளைச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால், கொஞ்சமாக, எடை போட்டு, வேறு எதுவும் சேர்க்காமல் ஒரு வேளை. சாப்பிடுவதற்கு முன் ஒரு சோதனை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சோதனை. அந்த இரண்டு எண்களையும் எடையையும் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஊசியையோ மாத்திரையையோ நீங்களாக மாற்றாதீர்கள்.