"ஜெயிச்சியா?" என்று கேட்பதற்கு முன்: சின்னப் பிள்ளைகளை கிளாஸில் சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, ஒரு கல்யாண மண்டபத்து வாசல். உள்ளே வாழைமரமும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. பந்தி மேசைகளை நீளமாகப் போட்டு, அவற்றின் மேல் வரிசையாக செஸ் போர்டுகள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்க, பெற்றோர் கம்பிக் கதவுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். முதல் சுற்று முடிந்து ஒரு பையன் ஓடி வருகிறான். அப்பா கேட்கிற முதல் கேள்வி, "ஜெயிச்சியா?" அவன் தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்பது அப்பாவின் முகத்திலேயே தெரிந்தது. அடுத்த சுற்றுக்கு இருந்த அரை மணி நேரமும் "அந்தக் குதிரையை ஏண்டா விட்டே?" என்ற விசாரணையிலேயே போயிற்று. கையில் இருந்த பிஸ்கட்டை அந்தப் பையன் கடிக்கவே இல்லை.

நான் அவரைக் குறை சொல்ல முடியாது. பத்து நிமிடம் கழித்து என் மகள் வெளியே வந்தபோது நானும் அதையேதான் கேட்டேன்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் பிள்ளைகளை செஸ், கராத்தே, பரதம், பாட்டு, ஓவியம், அபாகஸ், நீச்சல் என்று எதிலாவது சேர்ப்பது இப்போது சாதாரணம். சேர்ப்பதில் தப்பே இல்லை. அதையும் இன்னொரு டியூஷனாக மாற்றிவிடுகிறோம், சிக்கல் அங்கேதான். இங்கே எழுதியிருப்பதில் பாதி நானே செய்த தவறுகள். மீதி, செருப்பு விடும் இடத்தில் காத்திருந்தபோது பார்த்தவை.

பக்கத்து வீட்டைப் பார்த்துச் சேர்ப்பது

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். அவர் ஆடக் கற்றுக்கொண்டது ஏழு வயதில் என்று எல்லா இடத்திலும் எழுதினார்கள். உடனே ஏழு வயதுப் பிள்ளை வைத்திருந்த வீடுகளில் எல்லாம் ஒரு பதற்றம். எங்கள் வீட்டிலும்தான்.

ஆனால் இந்தக் கதைகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரியும். ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அம்மா. வைஷாலியை அவருடைய பெற்றோர் செஸ்ஸிலும் ஓவியத்திலும் சேர்த்தது, டிவி பார்ப்பதைக் குறைக்க. அக்கா வீட்டில் ஆடுவதைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தா அதைப் பிடித்துக்கொண்டார். கிராண்ட்மாஸ்டர் ஆக்கியே தீருவது என்று நாள் குறித்து யாரும் தொடங்கவில்லை. பிள்ளைக்குப் பிடித்தது, வீடு அதற்கு இடம் கொடுத்தது.

ஆகவே டெமோ கிளாஸுக்குப் போகும்போது மாஸ்டர் பேசுவதைவிட பிள்ளையைக் கவனியுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு தானாக அதைப் பற்றிப் பேசுகிறதா, தம்பியை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறதா? அப்படியென்றால் சேர்க்கலாம். "பிடிச்சிருக்கா?" என்று நேரடியாகக் கேட்டால் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடும்.

கிழமைக்கு ஒரு கிளாஸ்

கணக்கு போட்டுப் பாருங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுந்து வேன் பிடிக்கும் பிள்ளை இரவு ஒன்பதுக்காவது தூங்கியாக வேண்டும். மாலை நாலரைக்கு வீட்டுக்கு வந்தால் கையில் இருப்பது நாலரை மணி நேரம். அதில் குளியல், சாப்பாடு, ஹோம்வொர்க். ஒரு மணி நேர கிளாஸ் என்பது போக வர, உடை மாற்ற என்று உண்மையில் ஒன்றே முக்கால் மணி நேரம். மிச்சம் என்ன? சும்மா இருக்க ஒரு நேரம், தெருவில் சைக்கிள் ஓட்ட ஒரு நேரம் எங்கே?

இன்னொன்றும் உண்டு, இதை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. என் மகள் போய்க்கொண்டிருந்த நான்கு கிளாஸ்களில் செஸ், அபாகஸ், ஓவியம் மூன்றும் உட்கார்ந்தே செய்பவை. பள்ளியிலும் உட்கார்ந்தே இருக்கிறாள், வேனிலும் உட்கார்ந்தே வருகிறாள். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு போதும்: ஒன்று ஓடி ஆடுவது, ஒன்று பிள்ளை ஆசைப்படுவது. இரண்டும் ஒன்றாகவே அமைந்தால் இன்னும் நல்லது.

விளையாட்டில் நன்றாக வருகிறது என்று தெரிந்தாலும் எட்டு வயதில் ஒரே விளையாட்டில் கட்டிப்போட வேண்டாம். பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயதுவரை பலதையும் ஆடவிடுவதே நல்லது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. ஒரே மூட்டு, ஒரே தசை, ஒரே அசைவு என்று தினமும் பயிற்சி கொடுத்தால் வளரும் எலும்பு தாங்காது. பயிற்சி நேரத்துக்கு அவர்கள் சொல்லும் ஒரு சுலபக் கணக்கு: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

பெல்ட், லெவல், கிரேடு

கராத்தேயில் பெல்ட், அபாகஸில் லெவல், கீபோர்டில் கிரேடு, இந்தியில் பிராத்மிக், மத்யமா. ஏணி மாதிரி இருப்பதால் நமக்கு ஒரு திருப்தி. கொடுத்த பணம் எங்கேயோ ஏறிக்கொண்டிருக்கிறது என்று. எனக்குத் தெரிந்த ஒரு சிறுமி மூன்று இந்தித் தேர்வு பாஸ் செய்தவள். டில்லி ரயிலில் எதிர் சீட்டுப் பாட்டி இந்தியில் பெயர் கேட்டதும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். பாவம், வினாத்தாளில் அந்தப் பாட்டி வரவே இல்லை.

பாட்டு கிளாஸில் இது வேறு மாதிரி வரும். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்ப ஸ்வரப் பயிற்சி மூன்று மாதமாகப் போகிறது என்றால் "இன்னும் ஒரு பாட்டுகூட சொல்லித் தரலையே" என்று நச்சரிப்போம். சரளியை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும் பாடவைத்து, சுருதியில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து நகர்த்துகிறவர்தான் நல்ல ஆசிரியர். பரதத்திலும் அப்படியே. ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு தயார் செய்ய வேண்டும் என்று ஆரம்ப அடவான தட்டடவை அவசரமாகத் தாண்டினால், முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டி சரியாக அமையாது. முட்டி பக்கவாட்டில் திரும்பி, கால் விரல் காட்டும் திசையிலேயே நிற்க வேண்டும். அது உள்பக்கம் சாய்ந்தபடியே இரண்டு வருடம் ஆடினால் முட்டிவலி வரலாம். பிறகு அதைத் திருத்துவது, புதிதாகக் கற்றுக்கொள்வதைவிடக் கஷ்டம்.

செஸ் ரேட்டிங்கும் இதில் சேர்த்திதான். ரேட்டிங் என்பது ஆட்டத் திறமைக்குத் தரும் எண். 2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தன் குறைந்தபட்ச ரேட்டிங்கை 1000-லிருந்து 1400-க்கு உயர்த்தியது, அதற்குக் கீழே ஆடுகிறவர்களுக்கு ரேட்டிங்கே கிடையாது. காய் நகர்த்தத் தெரிந்தவுடன் ரேட்டிங் போட்டிக்குக் கூட்டிப்போனால், பிள்ளை நாள் முழுக்கத் தோற்றுவிட்டுத் திரும்பும். பள்ளிப் போட்டி, அப்பார்ட்மென்ட் போட்டி என்று ஒரு வருடம் ஆடட்டும்.

இலவசம் என்றால் இளப்பம்

காசு கொடுக்காதது எதுவும் நல்லதாக இருக்காது என்று ஒரு நினைப்பு நமக்கு. தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயதுவரை குறைந்த கட்டணத்தில் குரலிசை, பரதம், ஓவியம் போன்றவை சொல்லித் தருகிறார்கள். பள்ளியில் சாரணர் இயக்கம் இருந்தால் சின்ன வகுப்புப் பையன்களுக்குக் குருளையர், பெண்களுக்கு நீலப்பறவையர் என்று தனி அணி உண்டு. முடிச்சுப் போடுவது, அணியாகச் சேர்ந்து வேலை செய்வது என்று வேறெந்த கிளாஸிலும் கிடைக்காதது கிடைக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அங்கே விட்டுப் பாருங்கள். கூடவே நீங்களும் இருங்கள்.

இறக்கிவிட்டுப் போய்விடுவது

இதை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். முதல் மாதம் இரண்டு மூன்று முறையாவது சொல்லாமல் போய் நில்லுங்கள். பெற்றோர் உள்ளே வரவே கூடாது என்று சொல்லும் இடம் வேண்டாம். கழிப்பறை எங்கே, அங்கே பிள்ளையை யார் கூட்டிப்போகிறார்கள், நாம் வர தாமதமானால் யாரோடு இருக்கும் என்பதை எல்லாம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறார்களா? நல்லதாயிற்று, அந்த இடமே வேண்டாம்.

நீச்சலில் இன்னும் ஜாக்கிரதை. மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்தாது. பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள், அவர் தண்ணீரில் இருக்கிறாரா, கரையில் செல்போனில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

தினமும் சிரித்துக்கொண்டு போன பிள்ளை திடீரென்று வயிற்றுவலி என்றால், சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். மாஸ்டர் அடித்திருக்கலாம், பெரிய பிள்ளைகள் கேலி செய்திருக்கலாம், அதைவிட மோசமாகவும் இருக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பாலியல் குற்றம் என்றால் 2012-ன் போக்சோ சட்டம் இருக்கிறது. "வெளியே தெரிந்தால் அசிங்கம்" என்று மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது துரோகம்.

பள்ளிகள் செய்யும் தவறு

பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் தனியாக உடற்கல்வி ஆசிரியரே கிடையாது. அப்புறம், மேடை என்றால் எப்போதும் அதே நாலு பிள்ளைகள். இலக்கிய மன்றத்தில் பேசுகிறவளே மாறுவேடத்திலும் பாரதியார். மற்றவர்கள் வருடம் முழுக்கக் கைதட்டுவார்கள். வகுப்பு ஆசிரியர் ஒரு நோட்டில் யார் யார் இதுவரை மேடை ஏறவில்லை என்று குறித்துவைத்தாலே பாதி சரியாகிவிடும்.

நிறுத்தத் தெரியாதது

பத்து நாளில் "வேண்டாம்" என்றால் உடனே நிறுத்துவதும் தவறு, இரண்டு வருடம் அழ அழ இழுத்துப்போவதும் தவறு. சேர்க்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்: மூன்று மாதம் போவாய், அதற்குப் பிறகு நீ சொல்வதைக் கேட்போம். தள்ளுபடி தருகிறார்கள் என்று ஒரு வருட ஃபீஸை மொத்தமாகக் கட்டக் கூடாது. கட்டிவிட்டால் அந்தப் பணத்துக்காகவே பிள்ளையைத் துரத்துவோம்.

நிறுத்துவது என்று முடிவானால் போனை எடுக்காமல் ஒளிந்துகொள்ளாமல், பிள்ளையையே கூட்டிப்போய் சொல்லிவிட்டு வாருங்கள். என் மகள் கராத்தேயை நிறுத்தியபோது போனோம். நான் பள்ளிப் பாடம், நேரமில்லை என்று ஏதேதோ இழுத்தேன். அவள் குறுக்கே புகுந்து, "இல்ல மாஸ்டர், எனக்குக் கத்தறது பிடிக்கல" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "சரி, போற பிள்ளை ஒரு தடவை நல்லா கத்திட்டுப் போ" என்றார். கத்தினாள், தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.