ஒளிவரைபடத்தில் வரிசைக்கு வராத பள்ளம்: இரட்டை நட்சத்திரக் கோளைக் கண்டுபிடிக்கும் முறை

கெப்ளர்-16 பி என்ற கோளின் வானத்தில் இரண்டு சூரியன்கள். வானியலாளர் லாரன்ஸ் டாயிலின் குழு 2011-ல் இதை அறிவித்தது. நாசாவின் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த அந்தத் தரவு இன்று எல்லோருக்கும் இலவசம். காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டே அதே கோளை நீங்களும் கண்டுபிடிக்கலாம். போன பொங்கல் லீவில் அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: கண்ணால் பாருங்கள்

லேப்டாப்பை அப்புறம் திறக்கலாம். தை மாதம் இரவு எட்டு மணிக்கு வடக்கே பார்த்து நின்று, உச்சியிலிருந்து சுமார் 30 பாகை கீழே வாருங்கள். அங்கே பெர்சியஸ் நட்சத்திரக் கூட்டத்தில் அல்கோல் என்ற நட்சத்திரம் இருக்கும். பக்கத்திலுள்ள மிர்ஃபாக்கைவிடக் கொஞ்சம்தான் மங்கல். ஆனால் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை, அதன் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மங்கலான துணை நட்சத்திரம் ஒன்று குறுக்கே வந்து மறைப்பதுதான் காரணம். குறுக்கே ஏதோ போகிறது என்று குட்ரிக் என்ற இளைஞர் 1783-லேயே சொன்னார்.

இன்றைக்கு இரவு 11 மணிக்கு அடிமட்டத்தைத் தொட்டால், மூன்று நாள் கழித்து இரவு எட்டு மணிக்குச் சற்று முன்னால் திரும்பத் தொடும். திருப்பூர் வெளிச்சம் வானத்தை வெளுக்க வைக்கிறது. ஊரைத் தாண்டிப் போய்விடுங்கள். இந்த ஒரு மங்கலைக் கண்ணால் பார்த்தவருக்கு அடுத்த படிகள் எல்லாம் சுலபம்.

இரண்டாம் படி: களத்தில் தட்டாமாலை

ஒரு பெரிய பையனும் ஒரு சின்னப் பிள்ளையும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றட்டும். சின்னது பெரிய வட்டம் போடும். பெரியவன் சின்ன வட்டம் போடுவான். ஆனால் அவனும் நின்ற இடத்தில் நிற்க மாட்டான். கெப்ளர்-16-ன் இரண்டு நட்சத்திரங்களும் இப்படித்தான். ஒன்று சூரியனில் 0.69 மடங்கு எடை, மற்றது 0.20. ஒரு சுற்றுக்கு 41 நாள்.

இப்போது மூன்றாவது பிள்ளையை இருவரையும் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். கிட்டே போனால் கை தட்டிவிடும். வானத்திலும் அதே கதைதான்: நட்சத்திர இடைவெளியைப்போல் 2 முதல் 4 மடங்கு தள்ளி இருந்தால்தான் கோள் நிலைக்கும் என்று ஹோல்மன், வீகர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் கணக்கிட்டார்கள். இங்கே நட்சத்திர இடைவெளி, பூமி–சூரியன் தூரத்தில் 0.22 பங்கு, கோளின் தூரம் 0.70.

மூன்றாம் படி: தரவை எடுங்கள்

கூகுள் கோலாப் (உலாவியிலேயே பைத்தான் நிரல் ஓட்டும் தளம்) திறந்து, நட்சத்திர வெளிச்சத் தரவைக் கையாளும் லைட்கர்வ் என்ற பைத்தான் நூலகத்தை நிறுவுங்கள். கெப்ளர்-16 என்று (ஆங்கில எழுத்தில்) தேடி, அரை மணிக்கொரு அளவீடு உள்ள கோப்புகளை எடுத்து ஒன்றாகத் தையுங்கள். நாலு வருட ஒளிவரைபடம், அதாவது நட்சத்திரத்தின் வெளிச்சம் நேரத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு, கைக்கு வந்துவிடும். கெப்ளர் அட்டவணை எண் 12644769. பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் எண்ணைப் போடுங்கள்.

நான்காம் படி: சுத்தம் செய்யும்போது கவனம்

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்தது இங்கேதான். விலகிய புள்ளிகளை நீக்கும் கட்டளையை அப்படியே ஓட்டினேன். அழகான தட்டைக்கோடு வந்தது. கிரகணங்கள் எல்லாவற்றையும் அது பிழை என்று எடுத்து வீசிவிட்டது! மேலே துள்ளும் புள்ளிகளை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். கீழே இறங்குவதில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது.

ஐந்தாம் படி: மடித்துப் பாருங்கள்

பவானி ஜமக்காளத்தை மடிக்கும்போது கோட்டின் மேல் கோடு வந்து உட்காரும் அல்லவா? ஒளிவரைபடத்தையும் 41.08 நாள் அகலத்தில் அப்படி மடியுங்கள். பெரிய நட்சத்திரம் மறையும்போது 13 சதவீதப் பள்ளம். சின்னது மறையும்போது 1.6 சதவீதம். இரண்டும் அவரவர் இடத்தில் அடுக்காக விழும். அந்த இரண்டு அடுக்கையும் மறைத்துவிட்டு, மீதியைப் பாருங்கள்.

ஆறாம் படி: வரிசைக்கு வராதது எது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மீதியில் 1.7 சதவீதப் பள்ளங்கள் சில, விரல்விட்டு எண்ணும்படி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். ஆழத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சின்ன நட்சத்திரம் மறையும் பள்ளத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. நேரம்தான் காட்டிக்கொடுக்கும். கோள் பெரிய நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது விழும் பள்ளங்கள் இவை.

திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள் கேட்டாள்: "ஏனுங் மாமா, ஒரு இடைவெளி 230.3 நாளு, அடுத்தது 221.5 நாளு. கோளு ஒரே சீராத்தானுங்களே சுத்தும்?"

"கோள் சீராத்தான் வருது அம்மிணி. அது கடக்க வேண்டிய நட்சத்திரம் இடம் மாறி நிக்குது" என்றேன். அவள் உடனே களத்துப் பெரிய பையனைச் சொன்னாள். சரியான பதில். பெரிய நட்சத்திரம் போடும் சின்ன வட்டமே பூமி–சூரியன் தூரத்தில் ஏறக்குறைய 20-ல் ஒரு பங்கு. எதிரே வந்து நின்றால் கோள் சீக்கிரம் கடக்கும். விலகி நின்றால் நாள் தள்ளிப்போகும். பள்ளத்தின் அகலமும் இதனாலேயே ஒவ்வொரு முறையும் மாறும். ஒற்றை நட்சத்திரக் கோள் கடிகாரம்போல வரும். ஆகவே சீரான இடைவெளியை மட்டும் தேடும் நிரல்கள் இந்த மாதிரிக் கோள்களைத் தவறவிடலாம். பள்ளங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். அவசரப்பட வேண்டாம்.

1.7 சதவீதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் 0.13. கோளின் விட்டம் பெரிய நட்சத்திரத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கில் என்று உத்தேசமாகத் தெரிந்துவிடும். சனி அளவுக்குப் பெரிய கோள். இரண்டு நட்சத்திரங்களையும் ஒருமுறை சுற்ற 229 நாள்.

ஏழாம் படி: அடுத்த நட்சத்திரம்

கை பழகியதும் கெப்ளருக்குப் பின் வந்த நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுக்குப் போங்கள். 2019 கோடையில் நாசாவின் காடர்ட் மையத்துக்குப் பயிற்சிக்கு வந்த வுல்ஃப் கூக்கியர் என்ற பள்ளி மாணவர், மூன்றாவது நாளே டிஓஐ-1338 என்ற இரட்டை நட்சத்திரத்தில் ஒரு விநோதப் பள்ளத்தைப் பார்த்தார். முதலில் நட்சத்திரக் கிரகணம் என்றுதான் நினைத்தார், நேரம் பொருந்தவில்லை. கோள்! அங்கே நட்சத்திரங்கள் 14.6 நாளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. கோள் பெரிய நட்சத்திரத்தைக் கடப்பது மட்டும்தான் தெரியும்; இடைவெளி 93 முதல் 95 நாள். டெஸ் அட்டவணை எண் 260128333. மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள், இந்தமுறை 14.6 நாள் மடிப்பு.