முதல் மாநாட்டுக் கட்டுரை: ஆய்வுச்சுருக்கம் முதல் மேடை வரை

கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் வட்டார மாநாடுகளுக்கு முதன்முறையாகக் கட்டுரை அனுப்புவோருக்காக இதை எழுதுகிறேன். ஆய்வு முடிந்து முடிவு கையில் இருக்கிறது, கணிதக் குறிகளை அச்சுக்கு ஏற்றபடி அமைக்கும் மென்பொருளான லேடெக்கில் ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்யத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். மூன்று துறையினரும் ஓரிடத்தில் கூடுவதால், உங்கள் கட்டுரையை முதலில் படிப்பவர் உங்கள் துறையைச் சேர்ந்தவராக இல்லாமலும் போகலாம். கீழே சொல்லும் பெரும்பாலான படிகளுக்கு இதுவே காரணம்.

படி 1: அறிவிப்பைப் படித்தல்

ஆய்வுச்சுருக்கம் மட்டும் போதுமா முழுக் கட்டுரையும் வேண்டுமா, எந்த வார்ப்புருவில் வேண்டும், ஆசிரியர் பெயரை மறைத்து அனுப்ப வேண்டுமா ஆகிய மூன்றையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுரைகள் ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் இடம்பெறும் என்று அறிவிப்பில் அச்சிட்டிருந்தால், எந்த இதழில் அல்லது எந்தத் தொகுப்பில் வெளியாகும் என்று கேட்டு, அந்தப் பெயரை ஸ்கோபஸின் பட்டியலிலேயே தேடிச் சரிபார்ப்பது நல்லது. பெயரைச் சொல்லத் தயங்கும் மாநாட்டுக்கு நான் கட்டுரை அனுப்புவதில்லை.

படி 2: வகைப்பாட்டு எண்

கணிதக் கட்டுரைகளுக்குக் கணிதப் பாட வகைப்பாட்டின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எண் கேட்பார்கள். அதில் இரண்டு இலக்கத் தலைப்புகள் 63 உள்ளன. சேர்வியல் 05, நிகழ்தகவு 60, புள்ளியியல் 62, எண்சார் பகுப்பாய்வு 65, கணினி அறிவியல் 68. கணினி அறிவியலார் பெரும்பாலும் கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் அமைப்பின் 2012-ஆம் ஆண்டு வகைப்பாட்டைப் பயன்படுத்துவார்கள். பல மாநாடுகளில் கட்டுரை எந்த மதிப்பீட்டாளரிடம் போகும், எந்த அமர்வில் வைக்கப்படும் என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்பதால், இதைக் கடைசி நிமிடத்தில் நிரப்பும் பெட்டியாகக் கருத வேண்டாம். ஒரு புள்ளியியல் தேற்றத்தை நிறுவிவிட்டு, அதைச் சரிபார்க்க நிரல் எழுதியதற்காக 68 என்று போட்டால், நிரலின் வேகத்தைப் பற்றிக் கேள்வி கேட்பவரிடம் கட்டுரை போய்ச் சேரும். முதன்மை எண் தேற்றத்துக்கு உரியது. கருவிக்கு உரியது துணை எண்ணாக இருக்கட்டும்.

படி 3: சுருக்கத்தில் முடிவைச் சொல்லுதல்

கோட்டுருக்களின் கிரேஸ்ஃபுல் குறியிடலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கோட்டுரு என்பது முனைகள் எனப்படும் புள்ளிகளையும், அவற்றை இணைக்கும் விளிம்புகள் எனப்படும் கோடுகளையும் கொண்டது. முனைகளுக்கு 0 முதல் விளிம்புகளின் எண்ணிக்கை வரையுள்ள எண்களில் வெவ்வேறானவற்றை இட வேண்டும். ஒவ்வொரு விளிம்பின் இரு முனை எண்களுக்கும் உள்ள வேறுபாடுகள் 1, 2, 3 என்று விடுபடாமல், ஒவ்வொன்றும் ஒரே முறை வர வேண்டும். அலெக்சாண்டர் ரோசா 1967-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த துறை இது. இதில் சுற்றுகளைப் பற்றி, அதாவது முனைகள் ஒரு வளையமாக இணைந்த கோட்டுருக்களைப் பற்றி எழுதும் ஒருவர், ‘இக்கட்டுரையில் சில சுற்றுகளின் கிரேஸ்ஃபுல் குறியிடல் ஆராயப்படுகிறது’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘முனைகளின் எண்ணிக்கையை 4 ஆல் வகுக்கும்போது மீதி 0 அல்லது 3 ஆக இருந்தால், இருந்தால் மட்டுமே, ஒரு சுற்றுக்குக் கிரேஸ்ஃபுல் குறியிடல் உண்டு’ என்று எழுதினால் முடிவு முழுவதும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகிறது. முடிவைச் சொல்லிவிட்டால் நிறுவலை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற அச்சம் தேவையற்றது. முடிவு தெரிந்தவர்தான் நிறுவலைத் தேடி அமர்வுக்கு வருவார்.

புள்ளியியல் கட்டுரையாக இருந்தால் மாதிரி அளவையும் நம்பிக்கை இடைவெளியையும் சுருக்கத்திலேயே கொடுங்கள். இயந்திரக் கற்றல் கட்டுரையாக இருந்தால், துல்லியத்தின் சராசரியோடு திட்ட விலக்கத்தையும், எந்தத் தரவுத்தொகுப்பில், எந்த முறையோடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

படி 4: சுருக்கத்தைப் பெட்டியில் ஒட்டுதல்

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த படி இதுதான். பார்த்தால், மாநாட்டின் இணையப் படிவத்தில் உள்ள பெட்டியில் நகலெடுத்து ஒட்டும் வேலை. ஆனால் கணிதக் குறிகள் சிதைவது பெரும்பாலும் இங்கேதான்.

பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் மேலெழுத்துகள் கீழே இறங்கிவிடும். 10-இன் அடுக்கு 6 என்று நீங்கள் எழுதியது பெட்டியில் 106 என்று நிற்கும். பத்து லட்சம் தரவுப் புள்ளிகள் நூற்று ஆறாகச் சுருங்கியதை மதிப்பீட்டாளர் கண்டுபிடிக்க வழியே இல்லை. வரி முடிவில் உடைந்த சொற்களில் இணைப்புக்கோடு நடுவில் தங்கிவிடும். சில இணையப் படிவங்கள், ‘விடச் சிறியது’ என்ற குறியைக் கண்டதும் அதை இணையப் பக்கக் குறியீட்டின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் உள்ளதை விழுங்கிவிடும். ஆகவே எப்போதும் மூலக் கோப்பிலிருந்தே நகலெடுங்கள். சமர்ப்பித்த பிறகு திரையில் தெரியும் வடிவத்தை ஒவ்வொரு எண்ணாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லேடெக் மூலத்தையே கேட்கும் மாநாடுகளில் சிக்கல் வேறு வகை. அமைப்பாளர்கள் எல்லாச் சுருக்கங்களையும் ஒரே கோப்பில் சேர்த்துத் தொகுப்பாக அச்சிடுவார்கள். நீண்ட குறிகளுக்குப் பதிலாக நீங்கள் கோப்பின் முகப்பில் உருவாக்கி வைத்த குறுங்கட்டளைகள் அங்கே இருக்காது, இருந்தாலும் மோதும். மெய்யெண் கணத்துக்கு ஒருவர் வைத்த கட்டளையை இன்னொருவர் சமவாய்ப்பு மாறிக்கு வைத்திருப்பார். இதைத் தவிர்க்க எளிய சோதனை உண்டு. புதிய வெற்றுக் கோப்பைத் திறந்து, அமெரிக்கக் கணிதக் கழகத்தின் ஏஎம்எஸ் தொகுதிகளை மட்டும் அழைத்து, சுருக்கத்தை மட்டும் ஒட்டி இயக்குங்கள். பிழையில்லாமல் ஓடினால் அனுப்பலாம். ஓடாவிட்டால் சொந்தக் கட்டளைகளை விரித்து எழுதுங்கள். ‘[3]-இல் கூறியதுபோல்’ என்ற வகை மேற்கோள்களையும் எடுத்துவிடுங்கள், ஏனெனில் தொகுப்பில் உங்கள் நூற்பட்டியல் இருக்காது.

படி 5: கருவிகளும் படங்களும்

முதல் கட்டுரைக்கு, லேடெக்கை இணையத்திலேயே இயக்கும் ஓவர்லீஃப் போதும். இணை ஆசிரியர்கள் திருத்துவதும் எளிது. முழுக் கட்டுரை பெரிதானதும் லேடெக் மென்பொருள் தொகுப்பான டெக்ஸ் லைவைக் கணினியிலேயே நிறுவிக்கொள்வதை நான் விரும்புகிறேன், இறுதி நாளன்று இணையத்தை நம்பியிருக்க வேண்டாம். பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் வரையும் படங்களைப் பிடிஎஃப் ஆகச் சேமித்தால், இயல்பாக டைப் 3 என்ற வகை எழுத்துருக்கள் உட்பொதியும். அவற்றை ஏற்காத வெளியீட்டாளர்கள் உண்டு. எழுத்துரு வகை அமைப்பை 42 என்று மாற்றிவிட்டால் ட்ரூடைப் எழுத்துருக்கள் வரும்.

படி 6: மேடை உரை

பதினைந்து நிமிடம் கிடைத்தால் பன்னிரண்டு நிமிடத்துக்குத் தயாரிப்பேன். சமன்பாடுகள் மிகுந்த உரைக்கு லேடெக்கிலேயே திரைப்பக்கங்களை உருவாக்கும் பீமர், படங்கள் மிகுந்த உரைக்குப் பவர்பாயின்ட். முழு நிறுவலைத் திரையில் போடாமல், ஒரு சிறிய எடுத்துக்காட்டையும் ஒரு காரணத்தையும் காட்டுங்கள். மேலே சொன்ன தேற்றத்துக்கு, நான்கு முனைச் சுற்றில் வரிசையாக 0, 4, 1, 2 என்று இட்டால் வேறுபாடுகள் 4, 3, 1, 2 ஆக வருவதைப் புள்ளியியலாரும் கண்ணால் சரிபார்த்துக்கொள்வார். ஐந்து முனைச் சுற்றில் ஏன் முடியாது என்பதற்கு இரண்டு வாக்கியம் போதும்: ஒரு முனையில் புறப்பட்டுச் சுற்றி அங்கேயே திரும்பினால் ஏறிய அளவும் இறங்கிய அளவும் சமம், எனவே வேறுபாடுகளின் கூட்டுத்தொகை இரட்டைப்படை எண்ணாக வேண்டும். ஆனால் 1 முதல் 5 வரை கூட்டினால் 15.

பின்சேர்க்கை

பெயர் மறைத்து அனுப்பும்போது முதல் பக்கத்தில் பெயரை நீக்கினால் போதுமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். போதாது. பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் தங்கியிருக்கக்கூடும். வேர்டிலிருந்து உருவாக்கிய கோப்புகளில் இது அடிக்கடி நேரும். நன்றியுரையையும், ‘எங்கள் முந்தைய கட்டுரையில்’ என்று தொடங்கும் வாக்கியங்களையும், நிரல் வைத்திருக்கும் கிட்ஹப் முகவரியில் உள்ள பயனர் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். கட்டுரை ஏற்கப்பட்டு இறுதி வடிவத்தை அனுப்பும்போது இவற்றை மறக்காமல் மீண்டும் சேர்க்க வேண்டும்.