தோட்டத்திலிருந்து எராஸ்மஸ் முண்டுஸுக்கு விண்ணப்பிப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளிடம் வெளிநாட்டில் மேற்படிப்பு என்று பேச்செடுத்தாலே, "அதெல்லாம் காசு உள்ளவங்களுக்குத்தான், அக்கா" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தால் கல்விக் கட்டணமே கிடையாது, அதற்கு மேல் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம் வரை தருகிறார்கள். வயது வரம்பும் இல்லை. இளங்கலைக் கடைசி ஆண்டில் இருந்தாலே விண்ணப்பிக்கலாம்.

முதலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் பட்டியலில் உங்கள் துறையைத் தேடுங்கள். ஒவ்வொரு படிப்பையும் குறைந்தது மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன, விண்ணப்பம் நேராக அவர்களுக்குத்தான் போகும், நடுவில் முகவர் யாரும் தேவையில்லை. பெரும்பாலும் அக்டோபரில் திறந்து ஜனவரி வாக்கில் மூடிவிடுவார்கள். ஐயெல்ட்ஸ் (IELTS) ஆங்கிலத் தேர்வு கேட்டால் முன்கூட்டியே எழுதிவிடுங்கள், மதிப்பெண் 2 ஆண்டு செல்லும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது நோக்கக் கடிதத்துக்கு. என் தங்கை முதலில் எழுதியது "சிறு வயதிலிருந்தே உலகைச் சுற்ற ஆசை" என்று ஆரம்பித்தது. அதைக் கிழித்துப் போடச் சொன்னேன். அப்புறம் சமையலறை மேசையில் உட்கார்ந்து, எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வீட்டு வரிசைக்கு) பின்னால் ஓடும் ஆற்றில் செம்பனை ஆலைக் கழிவு கலந்து தண்ணீர் பழுப்பாக மாறும் நாட்களைப் பற்றி, அந்த நாட்களில் அம்மா துணி துவைக்கக்கூட அங்கே போக மாட்டார் என்பதைப் பற்றி எழுதினாள், அங்கிருந்து கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏன் படிக்க வேண்டும் என்று வந்தாள். அதுதான் கடிதம். தோட்டத்தில் வளர்ந்ததை மறைக்காதீர்கள், படிக்கப் போகும் துறையோடு அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

பரிந்துரைக்கு விரிவுரையாளரை ஒரு மாதம் முன்பே நேரில் போய்ப் பாருங்கள், உங்கள் நோக்கக் கடிதத்தின் நகலையும் கொடுங்கள்.

பெயர் விஷயத்தில் கவனம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, ஆனால் படிவம் கேட்கும். இன்னாரின் மகன், மகள் என்று மலாயில் போடும் அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான் சுருக்கத்தை (a/l, a/p) ஒரு தாளில் போட்டு இன்னொன்றில் விட்டால் விசா நேரத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாவற்றிலும் எழுதுங்கள். கடப்பிதழ் இல்லையென்றால் ஈப்போ குடிநுழைவுத் துறையில் இப்போதே எடுத்துவிடுங்கள், 5 ஆண்டுக்கு 200 ரிங்கிட்.

சரி, பணம். விமானச் சீட்டும் விசா செலவும் அந்த 1,400 யூரோவுக்குள்தான் அடங்கும், அதுவும் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். அதனால் சீட்டுக்கும் முதல் மாத வாடகைக்கும் இப்போதிருந்தே வீட்டில் பேசிச் சேர்த்து வையுங்கள்.

காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தால் மனம் விடாதீர்கள். முதலில் தேர்வானவர்கள் சிலர் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள், அந்த இடம் அடுத்தவருக்கு வரும். மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள், குப்பைப் பெட்டியையும் சேர்த்து.