மலைக்குளிரில் பெரிய வெள்ளிப் பணிஸ்

பெரிய வெள்ளி நெருங்கினால் ஹட்டன் பஸார் பேக்கரிகளில் சிலுவை போட்ட குரோஸ் பணிஸ் வந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிய்த்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் பல நேரம் வாசனையே இருக்காது. எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டம். இந்தப் பணிஸுக்கு உயிரே வாசனைச்சரக்குதான். இங்கிலாந்தில் 1592இல் லண்டன் ரொட்டிக்காரர்கள் இந்த மாதிரிப் பணிஸைச் சாவுச் சடங்கு, பெரிய வெள்ளி, நத்தார் இந்த மூன்றுக்கும் தவிர விற்கவே கூடாது, மீறி விற்றால் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சந்தை அதிகாரிகள் கட்டளை போட்டார்கள், அவ்வளவு விசேஷமான பண்டமாக இருந்திருக்கிறது. அவர்களுக்குக் கடல் தாண்டி வந்த சரக்கு நமக்கு வீட்டுப் பக்கத்திலேயே விளைகிறது. கராம்பும் சாதிக்காயும் மாத்தளை, கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில், ஏலம் நக்கிள்ஸ் மலைக் காட்டு நிழலில், கறுவா இந்த நாட்டுக்கே சொந்த மரம். ஆகவே வீட்டிலேயே சுடலாம், ஒரு நல்ல அரைநாள் ஒதுக்கினால் போதும்.

ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், மலைநாட்டில் பணிஸ் சரியாக வராததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். எங்கள் சித்தி கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், அவர் சொல்லித்தந்த கணக்கு, “மா குழைத்து ஒரு மணித்தியாலம் மூடி வை” என்பது. நான் அப்படியே செய்தேன். ஒரு மணித்தியாலத்தில் மா அசையவே இல்லை, சரி என்று உருட்டிச் சுட்டேன், பல்லுக்கு வேலை வைக்கிற கட்டிதான் கிடைத்தது. சித்தியின் கணக்கில் பிழை இல்லை, கொழும்பு அடுப்படியில் 30 பாகை சூடு இருக்கும், நம் அடுப்படியில் ஏப்ரல் மாதத்திலும் சாயந்தரம் 18 பாகை இருந்தால் பெரிய விஷயம். ஈஸ்ட் உயிருள்ள சாமான், குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். போதாததற்குக் கறுவாவும் கராம்பும் ஈஸ்டைக் கொஞ்சம் அடக்கும், சீனி கூடினாலும் அப்படித்தான். அதனால் நேரக் கணக்கை விட்டுவிட்டு, மா இரண்டு மடங்காகப் பொங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டரை மணித்தியாலம் எடுத்தாலும் பயப்பட வேண்டாம்.

12 பணிஸுக்கு அளவு இது: கோதுமை மா 500 கிராம், சீனி 75 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் இரண்டு தேக்கரண்டி, பால் 260 மில்லிலீட்டர், முட்டை 1, பட்டர் 55 கிராம், பிளம்ஸ் (நம் கடைகளில் உலர்ந்த திராட்சைக்கு அதுதான் பெயர்) 150 கிராம், சீனிப்பாகில் போட்ட தோடம்பழத் தோல் ஒரு கைப்பிடி. தோலை வீட்டில் செய்யலாம், இரண்டு தடவை அவித்துத் தண்ணீரைக் கொட்டினால் கசப்பு போய்விடும், அப்புறம் சீனிப்பாகில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை சின்னத் தீயில் வையுங்கள். பிளம்ஸைச் சூடான கடும் சாயத்தண்ணியில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, துணியில் நன்றாக ஒற்றி எடுங்கள். காய்ந்த பிளம்ஸ் மாவிலிருக்கிற ஈரத்தை இழுத்துவிடும், ஊறினது இழுக்காது. அதோடு தேயிலை வாசனை உள்ளே நிற்கும், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரக்குக்குப் பாக்கெட் தூளை நம்ப வேண்டாம். ஒரு விரல் நீளக் கறுவா, ஏலக்காய் 5, கராம்பு 4, இவற்றை இலேசாகச் சூடுகாட்டி அம்மியிலோ கிரைண்டரிலோ தூளாக்கிச் சலித்துக்கொள்ளுங்கள். சாதிக்காயைக் கடைசியில் சுரண்டிப் போடுங்கள், கால் தேக்கரண்டி போதும். கராம்பை மட்டும் கூட்டாதீர்கள், கூடினால் பல்லுவலி மருந்து மாதிரி மணக்கும்.

பசும்பால் என்றால் கட்டாயம் காய்ச்சுங்கள். சுத்தத்துக்கு மட்டுமல்ல, காய்ச்சாத பாலில் மாவின் இழுவையைக் குறைக்கிற ஒன்று இருக்கிறது, காய்ச்சினால் அது அடங்கி பணிஸ் நன்றாக உப்பும். அப்புறம் விரல் விட்டால் இதமாக இருக்கிற அளவுக்கு ஆறவிடுங்கள். சுடச்சுட ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும், அதற்குப் பிறகு எத்தனை மணித்தியாலம் காத்திருந்தாலும் பிரயோசனம் இல்லை.

மா, சீனி, உப்பு, ஈஸ்ட், சரக்குத்தூள் எல்லாவற்றையும் கலந்து பால், முட்டை ஊற்றிக் குழையுங்கள். முதலில் கையெல்லாம் ஒட்டும், ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மா தூவினால் பணிஸ் காய்ந்துவிடும். ஐந்து நிமிஷம் கழித்துப் பட்டரைச் சேர்த்து இன்னும் பத்து நிமிஷம் இழுத்து இழுத்துப் பிசையுங்கள். ஒரு சின்ன உருண்டையை விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிகிற மாதிரி மெல்லிசாக வரவேண்டும், அதுவரை விடக்கூடாது. பிளம்ஸும் தோலும் அதற்குப் பிறகுதான்.

இனி சூடு. அம்மாயி அப்பச் சோடா போட்ட மாவைக்கூட கம்பளிக்குள் சுற்றி வைப்பார், லயத்து வீட்டில் அந்தக் கம்பளிதான் எல்லாவற்றுக்கும். நானும் அதையே செய்கிறேன். சட்டியை ஈரத்துணியால் மூடி, கம்பளியில் சுற்றி, விறகடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். கேஸ் அடுப்புக்காரர்கள் ஒரு பெரிய கிடாரத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றை வைத்துப் பக்கத்தில் மாச்சட்டியை இறக்கி மூடலாம், தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள்.

குளிரோடு மல்லுக்கட்டாமல் அதையே பயன்படுத்துகிற வழியும் உண்டு, எனக்கு இதுதான் இன்னும் விருப்பம். பெரிய வியாழன் பூசை முடிந்து வந்து, ஈஸ்டைப் பாதியாக, அதாவது ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துக் குழைத்து, அடுப்பிலிருந்து தள்ளி ஒரு மூலையில் மூடிவைத்துப் படுத்துவிடுங்கள். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து இரவுக் குளிரில் விடியும்போது அது தானாகப் பொங்கி நிற்கும், மெதுவாக எழும்பின மாவுக்கு ருசியும் கூட. கண்டி, மாத்தளைப் பக்கம் இரவு அவ்வளவு குளிராது, அங்கே இருப்பவர்கள் இப்படி வெளியில் வைத்தால் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பொங்கின மாவை அமுக்கி 12 உருண்டையாக்கி, பட்டர் தடவின ட்ரேயில் ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்கி மறுபடியும் மூடிவையுங்கள். இந்த இரண்டாம் முறையில் முழு இரண்டு மடங்குக்குக் காத்திருக்க வேண்டாம். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, அடுப்புச் சூட்டில் உள்ளே இருக்கிற காற்று கீழ்நாட்டைவிடக் கூடுதலாக விரியும், அளவுக்கு மிஞ்சி எழும்பின பணிஸ் வெந்துகொண்டிருக்கும்போதே அமுங்கிவிடும். விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாக மேலே வந்தால் சரி.

சிலுவைக்கு 75 கிராம் மாவை ஐந்து மேசைக்கரண்டித் தண்ணீரில் கெட்டிக் கூழாகக் கரைத்து, சுத்தமான பொலித்தீன் உறையில் போட்டு நுனியை வெட்டி வரிசையாகக் கோடு இழுங்கள். 200 பாகையில் 18 முதல் 20 நிமிஷம். மேலே செம்பழுப்பாகி, அடியைத் தட்டினால் வெறும் டப்பா மாதிரிச் சத்தம் கேட்டால் வெந்துவிட்டது.

ஓவன் இல்லையா, பரவாயில்லை. கனமான சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் போட்டு, மூடி கால் மணித்தியாலம் சூடாக்கி, உள்ளே ஒரு தாங்கி வைத்து ட்ரேயை இறக்குங்கள். கீழே சின்னத் தணல், மூடியின் மேலே அதைவிடக் கொஞ்சம் கூடுதலான தணல். மேல் தணல் இல்லாவிட்டால் முகம் வெளிறிப்போகும். 25 நிமிஷத்துக்கு முன்னால் திறக்க வேண்டாம்.

இறக்கின உடனே இரண்டு மேசைக்கரண்டி சீனியை அதே அளவு தண்ணீரில் கொதிக்கவைத்துச் சூட்டோடு மேலே தடவுங்கள். பணிஸ் ஆறினபிறகு தடவினால் பளபளப்பு பிடிக்காது, பிசுபிசுக்கும்.

சிலுவைப் பாதை, மூன்று மணி வழிபாடு எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து சூடான பிளேன் டீயோடு ஒன்றைப் பிய்த்துத் தின்றால் அன்றைய விரதக் களைப்பெல்லாம் இறங்கும். மிஞ்சினதை டின்னில் போட்டு இறுக்கி மூடுங்கள். மறுநாள் கொஞ்சம் இறுகியிருக்கும், இரண்டாகப் பிளந்து தோசைக்கல்லில் பட்டர் விட்டு வெட்டின பக்கத்தை வாட்டினால் வாசனை திரும்பவும் எழும்பும்.