ஓடுகளை அரைத்துவிட்டு மழைக்காலத்தைத் தேடாதீர்கள்

ஏரிப் படிவில் கிடைக்கும் நத்தை ஓடுகளையும் ஆஸ்ட்ரகாட் (இரட்டை ஓடுள்ள மிகச் சிறிய நீர்வாழ் உயிரி) ஓடுகளையும் வைத்துப் பழங்கால மழையைக் கணிக்கப் புதிதாக வருபவர்கள், நான் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் விழுகிறார்கள். சல்லடையைச் சரியாகக் கழுவாதது, மாதிரிப் பையில் ஆழத்தை எழுத மறப்பது எல்லாம் இங்கே வேண்டாம். ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். முடிவையே கெடுக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லா ஓடுகளையும் சேர்த்து அரைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஒரு மாணவர் நுனி முதல் வாய் விளிம்பு வரை உடையாத அருமையான நத்தை ஓடுகளைப் பொறுக்கியெடுத்து, அத்தனையையும் உரலில் போட்டுப் பொடியாக்கி, ஒரே ஒரு எண்ணோடு வந்து நின்றார். அவர் கேட்க நினைத்த கேள்வி, மழை ஒரே பருவத்தில் கொட்டியதா, ஆண்டு முழுவதும் பரவிப் பெய்ததா என்பது. அந்தக் கேள்விக்கான பதில் பொடியோடு போய்விட்டது. அந்த அடுக்கில் மிச்சம் இருந்தவை வெறும் உடைசல்கள்.

நத்தை தன் ஓட்டை வாய் விளிம்பில்தான் வளர்க்கிறது. நுனி பழையது, விளிம்பு புதியது. ஏரி நீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன்-16 முந்திப் போகும், கனமான ஆக்சிஜன்-18 தங்கும். அதனால் வறண்ட மாதங்களில் வளர்ந்த ஓட்டில் ஆக்சிஜன்-18 கூடும். மழைநீர் வந்து கலந்ததும் குறையும். சுருளின் போக்கிலேயே வரிசையாகத் துளையிட்டு எடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் அப்படியே தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஓட்டில் ஆக்சிஜன்-18 அளவு −5, −3, 0, +4 பெர்மில் (பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்பது) என்று வருகிறது. இன்னொன்றில் −1.5, −1, −0.5, −1. முதலாவது, வெள்ளமும் நீண்ட வறட்சியும் மாறி மாறி வந்த ஏரி. இரண்டாவதில் பருவ வேறுபாடே சொற்பம். இரண்டையும் அரைத்துவிட்டால் கிடைப்பது ஒரே விடை: −1.

ஆஸ்ட்ரகாட் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, துளையிட முடியாது. சரி, அதனால் சேர்த்து அரைக்கலாமா? கூடாது. அது எட்டு முறை ஓட்டைக் கழற்றித்தான் முழு வளர்ச்சி அடைகிறது. ஒவ்வொரு புது ஓடும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கெட்டியாகிவிடும். ஆக ஒவ்வொரு ஓடும் அந்தச் சில நாட்களின் நீரைப் பிடித்த ஒரு புகைப்படம். இன்றைய கருவிகளுக்குச் சில பத்து மைக்ரோகிராம் இருந்தாலே போதும், பெரிய ஓடுகளைத் தனித்தனியாக அளக்கலாம். எண்கள் சிதறி வந்ததும் “பிழை அதிகமாக இருக்கிறது” என்று பயந்து சராசரி எடுத்துவிடுகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் அடுக்கில் பல ஆண்டுகள் அடங்கியிருக்கும். அந்த ஆண்டுகளின் ஈரமும் வறட்சியும் சிதறலுக்குள்தான் இருக்கின்றன. அதைத் தயவுசெய்து அழிக்காதீர்கள்.

வளராத மாதங்களை மறப்பது

கடுங்குளிரிலும் நீர் வற்றும்போதும் பல நத்தைகள் வளர்ச்சியை நிறுத்திவிடும். அந்த மாதங்கள் ஓட்டில் இருக்காது. ராஜஸ்தானின் உப்பு ஏரிகளில் கிடைத்த மகரந்தத்தை வைத்து, ஒரு காலத்தில் அங்கே குளிர்கால மழை கூடுதலாகப் பெய்தது என்ற கருத்து எழுந்தது. இப்படிப்பட்ட இடத்தில் நத்தை ஓட்டை மட்டும் பார்த்து “குளிர்கால மழை இல்லை” என்று எழுதுவது ஆபத்து. இன்றைக்கு உயிரோடு இருக்கும் அதே இனத்தை மாதாமாதம் சேகரித்து, எப்போது வளர்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஆக்சிஜன்-18ஐ மழைமானியாகப் படிப்பது

நீர் ஒரு டிகிரி சூடானால் ஓட்டின் மதிப்பு ஏறக்குறைய 0.2 பெர்மில் குறையும். ஏரிக்கு வெளியேறும் வழி அடைபட்டாலும், மழை மேகம் வேறு கடலிலிருந்து வந்தாலும் எண் மாறும். ஹரியானாவின் கோட்லா தஹர் பழைய ஏரியில், சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் நத்தை ஓடுகளின் மதிப்பு 4 பெர்மில் அளவுக்கு ஏறியதை 2014இல் வெளியிட்டார்கள். கோடைப் பருவமழை தளர்ந்தது என்ற முடிவை, மழைக்கும் ஆவியாதலுக்கும் இடையிலான விகிதம் மாறியதை வைத்துத்தான் எட்டினார்கள். அந்த எண்ணை மில்லிமீட்டர் மழையாக மாற்ற முடியாது.

பெரிய ஏரி

நீர் முழுதாக மாறப் பல ஆண்டுகள் பிடிக்கும் ஏரியில் பருவம் மங்கிவிடும்.

இனங்களைக் கலப்பது

கேண்டோனா வகை ஆஸ்ட்ரகாட், அந்த நீரில் ஓடு இயல்பாகக் காட்ட வேண்டிய சமநிலை மதிப்பைவிடச் சுமார் 2 பெர்மில் கூட்டிக் காட்டும். கலக்கவே வேண்டாம்.

மாறிப்போன ஓடு

நத்தை ஓட்டின் அரகோனைட், கால்சைட்டாக மாறியிருக்கலாம் (இரண்டும் கால்சியம் கார்பனேட்டின் வெவ்வேறு படிக வடிவங்கள்). எக்ஸ்-கதிர் சோதனைக்கு அப்புறம்தான் துளையிட வேண்டும்.

ஓட்டையே வைத்துக் காலம் கணிப்பது

சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்து வரும் பழைய கார்பன், ஓட்டின் ரேடியோகார்பன் வயதைச் சில நூறு ஆண்டுகள், சில ஏரிகளில் ஆயிரத்துக்கும் மேல், கூட்டிவிடும். அதே அடுக்கில் நிலத்தாவர விதையோ இலைத்துணுக்கோ கிடைத்தால் அதைத் தேதியிட அனுப்புங்கள். ஓட்டைத் துளையிட வைத்துக்கொள்ளுங்கள்.