பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டு முன்பே நிறுவனம் தொடங்க வேண்டிய வேலை

ஊழியருக்கு 56 வயது ஆனதுமே அவருடைய பி.எஃப். விவரங்களைக் கையில் எடுங்கள். ஓய்வுக்குப் பிறகு ஒருவர் பென்ஷனுக்காக மாதக்கணக்கில் அலைகிறார் என்றால், எப்போதோ தப்பாகப் பதிவான ஒரு தேதியோ இனிஷியலோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அவர் வேலையில் இருக்கும்போது அதைத் திருத்துவது எளிது.

ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், யுஏஎன் (பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர எண்) விவரம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊழியரையும் உட்காரவைத்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, தந்தை அல்லது கணவர் பெயர், வேலையில் சேர்ந்த தேதி எல்லாம் பொருந்த வேண்டும். ஓர் ஆவணத்தில் இனிஷியல், இன்னொன்றில் அதன் விரிவு என்று இருப்பது நம் ஊரில் சகஜம். வித்தியாசம் இருந்தால், ஊழியரும் நிறுவனமும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழி மூலம் திருத்தக் கோரலாம். நிறுவனம் ஒப்புதல் தர வேண்டிய இடங்களில் கோரிக்கையைக் கிடப்பில் போடாதீர்கள்.

அதே அமர்வில் கைபேசி எண்ணையும் கேளுங்கள். ஆதாரிலும் யுஏஎன்னிலும் கம்பெனி சிம் எண் இருந்தால், அதைத் திருப்பித் தந்த நாளோடு ஓடிபி வருவது நின்றுபோகும். சொந்த எண்ணுக்கு இப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது பழைய நிறுவனங்களின் சர்வீஸ். மாத பென்ஷனுக்குக் குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும். முந்தைய கணக்கு மாற்றப்படாமல் கிடந்தால், 14 ஆண்டு உழைத்தவருக்கு 7 ஆண்டுதான் கணக்கில் தெரியும். பணம் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. பென்ஷன் சேவைக் காலமும் வந்திருக்கிறதா என்று, கணக்கு மாற்றத்தின் விவரம் அடங்கிய அனெக்ஷர் கே-யில் சரிபாருங்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருப்பதும் அடிக்கடி நடப்பதுதான்.

ஓய்வு வயது 60 என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பென்ஷன் திட்டத்தில் உறுப்பினர் காலம் 58 வயதோடு முடிகிறது. அதன் பிறகு, நிறுவனத்தின் பங்கிலிருந்து அதுவரை பென்ஷனுக்குப் போன 8.33 சதவீதமும் பி.எஃப். கணக்குக்கே போக வேண்டும். சம்பள மென்பொருளில் இதை மாற்ற மறந்தால், பென்ஷன் விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும். 58 முடியும் மாதத்தைப் பேரோல் பார்ப்பவரின் நாட்காட்டியில் இன்றைக்கே குறித்துவையுங்கள். வேலையில் தொடர்ந்தாலும் 58-லேயே பென்ஷன் வாங்கலாம் என்பது பல ஊழியர்களுக்குத் தெரியாது. 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். முடிவு அவருடையது, வாழ்க்கைத்துணையையும் அழைத்து உட்காரவைத்து, இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டுவது நம் கடமை.

கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, கணக்கு இதுதான்: கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலான மிச்சம் முழு ஆண்டாகும். 26,000 ரூபாய் ஊதியம், 21 ஆண்டு 7 மாதச் சேவை என்றால் 22 ஆண்டாக எடுத்து 3,30,000 ரூபாய். 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் வட்டி உண்டு. "அவர் விண்ணப்பிக்கவில்லை" என்பது சாக்காகாது. கணக்கிட்டுத் தெரிவிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. கிராஜுவிட்டிக்கும் பி.எஃப்.-க்கும் நாமினி தனித்தனி. இரண்டையும் புதுப்பித்துவிடுங்கள், சேர்ந்த புதிதில் எழுதிய பெயர்கள் அப்படியே கிடக்கும்.

குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழியைக் கடைசி நாளுக்கு முன்பே கேட்டு வாங்கிக் கொடுங்கள். இடைவெளி விட்டால் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கக்கூடும். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் குறைந்தது 5 ஆண்டு இருந்து ஓய்வு பெறுபவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைக்கும் சிகிச்சை தொடரும்.

பொறுப்புகளைக் கைமாற்றக் கடைசி மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஆனால் அதற்காக அவரைக் கூட்டங்களுக்கு அழைக்காமல் ஒதுக்கிவைக்காதீர்கள், அது வலிக்கும்.

கடைசிச் சம்பளத்துக்கான பி.எஃப். கட்டியதும், விலகிய தேதியையும் காரணத்தையும் பி.எஃப். இணையதளத்தில் உடனே பதியுங்கள். பி.எஃப். பணத்துக்குப் படிவம் 19, பென்ஷனுக்கு 10டி. இரண்டையும் எச்.ஆர். ஊழியர் ஒருவர் கூடவே உட்கார்ந்து நிரப்பட்டும். முதல் பென்ஷன் வங்கியில் விழும் வரை அவர் அழைக்க ஒரு பெயரும் எண்ணும் எழுதிக் கொடுங்கள்.